640 கிராம்: தாயை இழந்த ஒரு வாம்பட் குட்டியின் பதினான்கு மாதங்கள்

2022 ஜூலை முதல் வாரம். குளிர்காலம் என்பதால் மாலை ஆறு மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கங்காரு வேலி (Kangaroo Valley) என்ற ஊருக்குப் போகும் சாலையில் வாம்பட் ஒன்று அடிபட்டுக் கிடக்கிறது என்று அழைப்பு வந்தது. வாம்பட் என்பது கங்காருவைப் போலப் பையில் குட்டி வளர்க்கும், வளை தோண்டி வாழும் விலங்கு. அழைத்தவர் ஒரு லாரி ஓட்டுநர். வேறு யாரோ இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறார்கள். இவர் வண்டியை ஓரம்கட்டி, விளக்கைச் சிமிட்ட விட்டு, நான் போய்ச் சேரும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தார். மதியம் அந்தப் பக்கமாகப் போனபோதே அது சாலையோரம் புல் மேய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த நிகழ்வின் பாதிக் கதை அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

இந்த மாநிலத்தில் அநாதையான காட்டுக் குட்டியை யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துப் போய் வளர்த்துவிட முடியாது. உரிமம் பெற்ற மீட்பு அமைப்பில் பயிற்சி எடுத்த பராமரிப்பாளர்கள்தான் வளர்க்கலாம். நான் அப்படிப்பட்ட ஒரு தன்னார்வலர். அன்றைய முறை என்னுடையது.

தாய் வாம்பட் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. உயிர் போய்விட்டது, உடலில் இளஞ்சூடு மிச்சமிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் முதலில் கண்ணில் பட்டது அதன் தோல். விலாப்பக்கம் முடியே இல்லை. சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்கு, அதில் வெடிப்புகள். கண்ணைச் சுற்றியும் காதைச் சுற்றியும் அதே பொருக்கு. சொறிநோய். தோலுக்குள் துளை போட்டு வாழும் சிற்றுண்ணியால் வருவது. ஐரோப்பியர்களோடும் அவர்கள் கொண்டுவந்த நாய், நரிகளோடும் இந்த மண்ணுக்கு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. வாம்பட் பொதுவாக இரவில் மேயும் விலங்கு. சொறி முற்றினால் பகலிலும் வெளியே வந்து மேயும். கண் சரியாகத் தெரியாது, காது சரியாகக் கேட்காது. வண்டி வருவதும் தெரியாது.

## பையைத் திறந்து பார்த்தல்

பெண் வாம்பட் செத்துக் கிடந்தால் பையைப் பார்க்காமல் போகக் கூடாது. தாய் இறந்த பிறகும் குட்டி பைக்குள் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாம்பட்டின் பை பின்பக்கமாகத் திறக்கும். வளை தோண்டும்போது முன்கால் வாரி இறைக்கும் மண் பைக்குள் போகாமல் இருக்க அந்த அமைப்பு. அதனால் கங்காருவின் பையில் கைவிடுவதுபோல மேலிருந்து விட முடியாது; பின்னங்கால்களுக்கு நடுவிலிருந்து விட வேண்டும்.

விட்டேன். ஈரமான கதகதப்பு. அதற்குள் சுருண்டு கிடந்த ஒரு முதுகு. கைபட்டதும் அது இன்னும் உள்ளே ஒடுங்கியது.

காம்பைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு உதவ வருபவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இது. இளம் குட்டியின் வாய்க்குள் காம்பின் நுனி வீங்கி, வாயை நிரப்பிப் பிடித்துக்கொள்ளும். முடி முளைக்காத குட்டியைப் பிடித்து இழுத்தால் வாயும் தாடையும் கிழியும். அந்த நிலையில் இழுக்கவே கூடாது. காம்பைத் தாயின் உடலோடு ஒட்டிய இடத்தில் வெட்டி, குட்டியைக் காம்போடு எடுத்து, அந்தக் காம்பைக் குட்டி விழுங்கிவிடாதபடி துணியோடு ஊக்கு குத்தி வைத்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எனக்குக் கிடைத்த குட்டி அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தது. கொஞ்ச நேரம் கையின் சூட்டிலேயே வைத்திருந்தேன். தானாக வாயைத் திறந்து காம்பை விட்டது.

இன்னொரு விஷயம். பை காலியாக இருந்து, ஒரு காம்பு மட்டும் நீண்டு தொங்கினால், பையை விட்டு இறங்கிவிட்ட குட்டி பக்கத்துப் புதரில் எங்கோ தனியாக நிற்கிறது என்று அர்த்தம். தேட வேண்டும்.

குட்டியைப் பருத்தித் துணியில் சுற்றி என் சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொண்டேன். லாரிக்காரர் உதவ, தாயின் உடலைச் சாலையை விட்டு உள்ளே தள்ளினோம். அதன்மேல் பெயின்ட் ஸ்ப்ரேயால் ஒரு பெருக்கல் குறி. பை பார்த்தாகிவிட்டது என்று அடுத்து வருபவருக்குச் சொல்லும் அடையாளம் அது.

## நான் செய்த தவறு

வீட்டுக்கு வந்ததும் பால் கொடுக்கவில்லை. உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது, கொல்லவும் கூடும். முதலில் சூடு, அப்புறம் தண்ணீர்ச் சத்து, பால் அதற்குப் பிறகுதான். சூடேற்றும் பாயின்மேல் கம்பளிப் பை, அதற்குள் பருத்திப் பை, அதற்குள் குட்டி. வெப்பநிலை ஏறிக் குறையாமல் பார்த்துக்கொள்ளும் கருவி ஒன்று. அறையில் வெளிச்சம் இல்லை, பேச்சு இல்லை. பயத்திலேயே உயிர்விடக்கூடிய விலங்கு இது.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் பார்த்தார். எலும்பு முறிவு இல்லை. பெண் குட்டி. எடை 640 கிராம். கண் திறந்திருந்தது. முதுகில் கையால் தடவினால் மட்டும் தெரிகிற அளவுக்கு மெல்லிய பூனைமுடி. தோலைச் சுரண்டி எடுத்து உருப்பெருக்கியில் பார்த்ததில் இரண்டு உண்ணிகள் தெரிந்தன. தாயிடமிருந்து பைக்குள்ளேயே ஒட்டியிருக்கின்றன. அதற்கான மருந்தை அவரே போட்டுவிட்டார்.

குட்டியின் வயதைக் கணிக்க வளர்ச்சி அட்டவணைகள் உண்டு. எடை, தலையின் நீளம், பின்பாதத்தின் நீளம் என்று மூன்று அளவுகள். மூன்றையும் பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தான் தந்தார்கள். நான் எடையை மட்டும் பார்த்து, அட்டவணையில் அந்த வரியைத் தேடி, அதற்கு எதிரே இருந்த வயதை எழுதிக்கொண்டேன். அந்த வயதுக்கு உரிய பால்மாவைக் கலக்க ஆரம்பித்தேன்.

குட்டி குடித்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, நீண்டு மெலிந்த ரப்பர்க் காம்பில், கண்ணை மூடியபடி துணிக்குள் தலையை வைத்துக் குடித்தது. ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் கழிவுத் துளையை மெல்லத் தடவிவிட வேண்டும்; தாய் நக்கிவிடுவதுபோல. அப்போதுதான் சிறுநீரும் மலமும் வரும். கடுகு மஞ்சளில், பற்பசைப் பதத்தில் வந்தது. பால் குடிக்கும் குட்டிக்கு அதுதான் சரியான நிறம், சரியான பதம். எல்லாம் ஒழுங்காகப் போவதாகத்தான் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் எடை 655 கிராம். ஒன்பது நாளில் வெறும் பதினைந்து கிராம். குட்டி பைக்குள் ஓயாமல் முனகியது. வழக்கமாகக் குடித்து முடித்ததும் உறங்கிவிட வேண்டிய குட்டி, துணியின் ஓரத்தை வாயில் கவ்விச் சப்பிக்கொண்டே கிடந்தது.

இருபது வருடமாக வாம்பட் வளர்க்கும் ஒரு மூத்த பராமரிப்பாளரிடம் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் தராசைத் தொடவே இல்லை. குட்டியின் பின்பாதத்தை இரண்டு விரலால் நீட்டிப் பிடித்து, நீளம் அளக்கும் காலிப்பரை வைத்தார். பாதம் சொன்ன வயது, எடை சொன்ன வயதைவிட ஒரு மாதத்துக்கும் மேல் அதிகம். தலை நீளமும் அதையே சொன்னது. "முதுகில் முடி இருக்கிறதே, நீங்கள் எழுதி வைத்திருக்கும் வயதில் இது இருக்குமா?" என்று கேட்டார். இருக்காது. முடியை நான் முதல் நாளே பார்த்துக் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். எழுதியதை எடையோடு சேர்த்து யோசிக்கவில்லை.

குட்டி வயதில் சின்னது இல்லை, மெலிந்திருந்தது. சொறி முற்றிய தாய் தன் உடம்பையே காப்பாற்ற முடியாமல் இருந்திருக்கிறது, பால் போதவில்லை. எலும்பு வயதுக்குத் தக்கபடி வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. தசையும் கொழுப்பும் சேரவில்லை. மதியத்திலேயே சாலையோரம் மேய்ந்த தாயும், எடை குறைந்த குட்டியும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். ஓட்டுநர் சொன்னதையும் தாயின் தோலையும் நான் சேர்த்துப் பார்த்திருந்தால், எடையை நம்பியிருக்க மாட்டேன்.

## பால் ஏன் இவ்வளவு முக்கியம்

வாம்பட் குட்டி கருப்பையில் இருப்பது சுமார் ஒரு மாதம்தான். பிறக்கும்போது எடை அரை கிராம் அளவு, புளியங்கொட்டையைவிடச் சின்னது. கண் இல்லை, காது இல்லை, பின்னங்கால்கள் வெறும் மொட்டு. முன்னங்கால்கள் மட்டும் நகத்தோடு தயாராக இருக்கும். பைப்பாலூட்டிகளின் குட்டிகள் எல்லாமே இப்படித்தான், முன்பாதியை மட்டும் முதலில் கட்டி முடித்துக்கொண்டு வருகின்றன. ஏனென்றால் பிறந்த கணமே ஒரு வேலை காத்திருக்கிறது: தாயின் முடியைப் பற்றி ஊர்ந்து பையைக் கண்டுபிடித்துக் காம்பைக் கவ்வ வேண்டும். கங்காருவில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள். சில நிமிடப் பயணம். டாஸ்மேனியன் டெவில் என்ற இன்னொரு பைப்பாலூட்டி இருபது முப்பது குட்டிகளை ஈனும், காம்பு நான்குதான். முதலில் போய்ச் சேர்ந்த நான்கு பிழைக்கும். வாம்பட்டுக்கு இரண்டு காம்பு, பெரும்பாலும் ஒரே குட்டி.

காம்பைக் கவ்விய பிறகு ஆறு முதல் பத்து மாதம் பைக்குள். மனிதக் குழந்தை கருப்பையில் முடித்துவிட்டு வரும் வேலைகளை, நுரையீரல் முதிர்வது, மூளை மடிப்பு விழுவது, தன் உடல் சூட்டைத் தானே காப்பது, நோய் எதிர்ப்பு உருவாவது எல்லாவற்றையும், இந்தக் குட்டி பைக்குள் பாலைக் கொண்டே முடிக்கிறது. மற்ற பாலூட்டிகளில் நஞ்சுக்கொடி செய்கிற வேலையில் பெரும்பகுதியை இங்கே பால் செய்கிறது. ஆகவே பால் ஒரே மாதிரி இருக்க முடியாது. ஆரம்பத்தில் நீர்த்து, சர்க்கரை மிகுந்து, கொழுப்பு குறைந்து இருக்கும். குட்டி பையை விட்டு வெளியே வரும் காலத்தில் கொழுப்பு ஏறிக் கெட்டியாகும், சர்க்கரை குறையும்.

இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது சிவப்புக் கங்காரு. பைக்குள் ஒரு சின்னக் குட்டி, வெளியே துள்ளித் திரிந்து தலையை மட்டும் உள்ளே விட்டுக் குடிக்கிற பெரிய குட்டி; இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்துக் காம்பில் இரண்டு வகைப் பால். ஒரே தாய், ஒரே இரத்தம், ஒரே நேரம். கருப்பையில் மூன்றாவதாக ஒரு கரு வளர்ச்சியை நிறுத்திவைத்துக் காத்திருக்கும்.

கங்காருவின் சிறிய உறவான டாமர் வாலபியில் நடந்த ஆய்வு ஒன்று என் தவறை அப்படியே விளக்குகிறது. குட்டியை அதன் தாயிடமிருந்து எடுத்து, பால் கட்டத்தில் முன்னேறிவிட்ட வேறொரு தாயின் பையில் வைத்தார்கள். மாற்றாந்தாயின் பால் குட்டியின் வயதுக்கு இறங்கி வரவில்லை. தன் கணக்குப்படியே போனது. குட்டிதான் அந்தப் பாலுக்கு ஏற்ப வேகமாக வளர்ந்தது. குட்டியின் வளர்ச்சியை நடத்திச் செல்லும் கடிகாரம் தாயின் மடியில் இருக்கிறது. நான் அந்தக் கடிகாரத்தை ஒரு மாதம் பின்னுக்குத் திருப்பி வைத்திருந்தேன்.

பசும்பாலைப் பற்றி ஒரு வார்த்தை. கண்டெடுத்தவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். இந்தக் குட்டிகளின் குடலால் பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் சமாளிக்க முடியாது. வயிற்றுப்போக்கு வரும், கண்ணில் புரை விழலாம், உயிரே போகலாம். தயவுசெய்து கொடுக்காதீர்கள். சூடாக, இருட்டாக வைத்துப் பராமரிப்பாளரிடம் சேர்த்தால் போதும்.

பால்மாவை ஒரே நாளில் மாற்றவில்லை. பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஐந்து நாளில் முழுதாக மாற்றினேன். முனகல் நின்றது. முப்பதாம் நாள் எடை ஒரு கிலோவைத் தாண்டியது. அதன்பின் தினமும் எடை பார்த்தாலும், வாரம் ஒரு முறை பாதத்தையும் அளந்தேன்.

## மண்ணும் புழுக்கையும்

செப்டம்பரில் உடல் முழுக்க அடர்ந்த பழுப்பு முடி. அக்டோபர் தொடக்கத்தில், மூன்று கிலோ எடையில், தொங்கவிட்டிருந்த பையிலிருந்து தானே இறங்கியது. முதலில் முன்கால் இரண்டும் தரையில், பின்பாதி பைக்குள். அப்படியே ஐந்து நிமிடம் நின்றது. மறுபடி உள்ளே போய்விட்டது. மறுநாள் முழுதாக இறங்கி, சுவரோரமாகவே நடந்து, என் பாதத்தின்மேல் வந்து உட்கார்ந்தது.

தோட்டத்திலிருந்து வேரோடு பெயர்த்த புல்கட்டி ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். புல்லை விட்டுவிட்டு மண்ணைத் தின்றது. வாம்பட் குட்டிகள் இந்த வயதில் மண் தின்னும், தடுக்கக் கூடாது. மண்ணைவிட முக்கியமானது பெரிய வாம்பட்டின் புழுக்கை. புல்லைச் செரிக்க வைப்பது நீண்ட பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள். குட்டி அவற்றோடு பிறப்பதில்லை. தாயின் புழுக்கையைத் தின்றுதான் தன் குடலுக்குள் குடியேற்றிக்கொள்கிறது. கோவாலாவில் தாயே இதற்கென்று கூழ்போன்ற தனி மலத்தைக் குட்டிக்குத் தரும்; யூகலிப்டஸ் இலையைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் அதில்தான் கைமாறும். தாயில்லாத என் குட்டிக்கு, சொறி இல்லாத, நோயில்லாத வேறொரு வாம்பட்டின் புழுக்கை வேண்டும். மருத்துவர் பரிசோதித்துச் சரி என்று சொன்ன நான்கு புழுக்கைகளை அந்த மூத்த பராமரிப்பாளர் தந்தார். உதிர்த்துப் புல்மேல் தூவினேன். முகர்ந்து பார்த்தது, தும்மியது, பிறகு ஒரு துணுக்கையும் விடாமல் தின்றது.

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு காலை, கூண்டு மூலையில் முதல் கனசதுரம் கிடந்தது. வாம்பட் புழுக்கை கனசதுரமாக இருக்கும் என்பது பலருக்கும் தெரியும். குடலின் கடைசிப் பகுதியில் சுவர் ஓரிடத்தில் விறைப்பாகவும் ஓரிடத்தில் இளக்கமாகவும் இருப்பதால், உலர்ந்துவரும் மலம் சுருங்கி விரியும் அசைவில் மூலை பெறுகிறது என்று பாட்ரிசியா யாங், டேவிட் ஹூ, ஸ்காட் கார்வர் முதலியோர் கண்டறிந்தார்கள். எனக்கு அந்த மூலைகள் வேறொன்றையும் சொல்லின. அதுவரை வந்தது உருவமில்லாத பால்மலம். இப்போது நாரைப் பிழிந்து நீரை எடுத்துக்கொள்ளும் குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பாலை மெல்லக் குறைக்கலாம்.

## தாயின் பின்னால் நடக்கும் காலம்

பையை விட்டு இறங்கியதும் குட்டி தனியாகிவிடுவதில்லை. காட்டில் இன்னும் பல மாதம், ஒன்றரை வயதுக்கு மேலும்கூட, தாயின் குதிகாலை ஒட்டியே நடக்கும். எந்தப் புல், எந்த வளை, எந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் இந்தக் காலத்தில்தான் படிகிறது. 2025 மார்ச்சில் அமெரிக்கப் பெண் ஒருவர் இரவில் இப்படி நடந்துபோன குட்டியைத் தாயின் பக்கத்திலிருந்து பிடுங்கித் தூக்கிக்கொண்டு ஓடிய காணொளி உலகம் முழுக்கப் பரவியது. தாய் பின்னாலேயே ஓடி வருவது அதில் தெரியும். ஆஸ்திரேலியப் பிரதமர்வரை கண்டித்தார். நான் அதைப் பார்த்தபோது குட்டியின் முன்கால்களைத்தான் பார்த்தேன். இரண்டையும் பிடித்துத் தொங்கவிட்டிருந்தார். என் குட்டி முதன்முதலாகத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் நின்ற அதே கால்கள்.

மனிதரின் குதிகாலை ஒட்டி நடந்து வளரும் வாம்பட் காட்டுக்கு ஆகாது. அதனால் நவம்பரிலேயே, வேறொரு பராமரிப்பாளரிடம் இருந்த ஏறக்குறைய அதே வயது ஆண் குட்டியோடு சேர்த்துவிட்டோம். முதல் இரண்டு நாள் கம்பி வலையின் இரு பக்கம். மூன்றாம் நாள் ஒரே பையில் மேலும் கீழுமாகத் தூங்கின. அப்புறம் விளையாட்டு: தலையைச் சிலுப்பி, நான்கு காலும் தரையை விட்டு எழும்பத் துள்ளி, முழு வேகத்தில் ஓடி வந்து ஒன்றின் பின்பக்கத்தில் மற்றது மோதும். வாம்பட்டின் பின்புறம் தடித்த கேடயம். வளைக்குள் எதிரி நுழைந்தால் அதைக் கொண்டுதான் வாயிலை அடைக்கும். அந்தச் சண்டைக்கான பழக்கம் இந்த மோதல்.

மார்ச்சில் பால் முழுதாக நின்றது. மேய்ச்சல் அடைப்புக்கு மாற்றினோம். மே மாதம் அது என் முழங்காலுக்குக் கீழே கடித்தது. ரத்தம் வரும் கடி. பராமரிப்பாளர்கள் காத்திருக்கும் நாள் அது. இனி இந்த விலங்குக்கு நான் தேவையில்லை என்பதை அதுவே சொல்கிறது. பெரிய காயம் இல்லை, கழுவித் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அன்று முதல் தொடுவதும் பேசுவதும் நின்றது. அது தானே தோண்டிய வளை ஜூலைக்குள் கைவிட்டால் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது.

2023 செப்டம்பர் நடுவில், 22 கிலோ எடையில், தாய் அடிபட்ட இடத்திலிருந்து அதிக தூரமில்லாத காட்டோர அடைப்பின் கதவைத் திறந்துவைத்தோம். சொறிக்கான கடைசிப் பரிசோதனையில் தோல் சுத்தம். தூக்கிக்கொண்டு போய் விடவில்லை. திறந்த கதவு, பழகிய வளை, ஒரு கிண்ணம் தீனி, அவ்வளவுதான். முதல் வாரம் தினமும் திரும்பி வந்ததைத் தானியங்கிக் கேமரா காட்டியது. இரண்டாம் வாரம் இரண்டு இரவு. ஆண் குட்டி மூன்றாம் வாரமும் கிண்ணத்தைத் தேடி வந்தது, இது வரவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் கேமரா அட்டையை எடுக்கப் போனேன். அடைப்புக்கு வெளியே, ஓடையோரம் மரத்தடியில், புதிதாகத் தோண்டிய மண் குவியல். பக்கத்துப் பாறையின் உச்சியில் வரிசையாக ஏழு புழுக்கைகள், கூர்மையான மூலைகளோடு, இன்னும் ஈரம் காயாமல். தன் இடம் இது என்று வாம்பட் இப்படித்தான் எழுதி வைக்கும். கேமராவில் இருந்தது அதன் படம்தான். மூன்றை அங்கேயே விட்டுவிட்டு நான்கை எடுத்து ஈரத்துணியில் சுற்றினேன். பரிசோதனைக்குக் கொடுத்துச் சரி என்று வந்ததும், பையை விட்டு அப்போதுதான் இறங்கியிருந்த ஒரு குட்டியை வைத்துக்கொண்டிருந்த பராமரிப்பாளருக்கு அனுப்பிவைத்தேன்.